பூட்டுச் சபையின் பெயர்ப் பட்டியல்

1912 மார்ச் 4, திங்கள்

தூத்துக்குடிக்கு வந்து மூன்று நாளாகிறது. ஆபீஸுக்கு எழுதும் டைரி வேறு, இது வேறு. அதில் "இந்த ஊர்த் தண்ணீர் உப்பு, வாடகை வீட்டுக்காரி புளுகு மூட்டை" என்றெல்லாம் எழுதினால் வேலை போய்விடும்.

இன்று ஸ்பெஷல் டூட்டி இன்ஸ்பெக்டர் தாமோதரம் நாயுடு கூப்பிட்டு என் வேலையைச் சொன்னார். பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கட்டடம் இருக்கிறதாம். ஞாயிறுதோறும் பகல் மூன்று மணிக்கு ஆறு பேர் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. ஊரார் அதற்கு வைத்த பெயர் பூட்டுச் சபை.

"ஆறு பேரும் ஆறு சாதி ஓய். ஒருத்தன் தோணிக்காரன், ஒருத்தன் அய்யர், ஒருத்தன் துலுக்கன். ஆறு சாதிக்காரன் ஒரே வீட்டுக்குள்ள பூட்டிக்கிட்டு என்ன செய்வான்? சர்க்காரைக் கவுக்கறதைத் தவிர வேற என்ன இருக்கு?"

போன வருஷம் கலெக்டர் துரையை ரயிலில் சுட்டதிலிருந்து, நாலு பேர் கூடிக் கதவைச் சாத்தினாலே மேலிடத்துக்குத் தூக்கம் போய்விடுகிறது. நான் போலீஸ் ரைட்டர் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. வேலை தேடி வந்த குமாஸ்தா வேலாயுத முதலியாராக உள்ளே நுழைய வேண்டும். என்ன நடக்கிறதென்று பார்த்து, பெயர்ப் பட்டியலோடு ரிப்போர்ட் தர வேண்டும். தந்தால் சப்-இன்ஸ்பெக்டர் உத்தியோகம், அதுவும் எங்கள் ஆரணியிலேயே.

என் சம்சாரம் தனகோடிக்கு இது நாலாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இந்தத் தடவை அம்மா வீட்டில்தான் பெறுவேன், நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வந்த நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆரணி கிடைக்கும் என்று இன்று சொன்னதும் அழுதேவிட்டாள்.

மார்ச் 7, வியாழன்

மூன்று பேரிடம் வாயைக் கிளறினேன்.

வீட்டுக்காரி மூக்கம்மாள் சொல்வது: "பிணந்திருடிப் பயலுவ. மூஞ்சியத் துணியால மூடிக்கிட்டு உச்சிவெயில்ல பாடையத் தூக்கிட்டு ஓடுவானுவ. மண்டை ஓட்டுல மை எடுக்கத்தான். எங்கண்ணால பாத்தேன் பாத்துக்கிடுங்க." எந்த வருஷம் என்று கேட்டால், தங்கச்சி பார்த்தாள் என்கிறாள்.

சவரக்காரர் சொல்வது வேறு. அவர் அப்பா காலத்தில் அது பெரிய மனிதர்கள் சபையாம். பஞ்சுக் கம்பெனி துரை ஒருவரே கட்டடத்தைக் கொடுத்தாராம். அதில் இருப்பவன் என்றால் கடையில் நாற்காலி போடுவார்களாம்.

காப்பி கிளப்காரர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மில்லில் வேலைநிறுத்தம் நடந்ததே, அதற்குப் பிறகு எல்லாம் மாறிப்போயிற்றாம். "குண்டு செய்யுதாவ. நமக்கெதுக்கு வம்பு?" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே இன்னும் அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினார்.

ஒரே கதவுக்கு மூன்று கதை. மூவரும் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்கிறார்கள். எனக்கு ஒருவர் மேலும் நம்பிக்கையில்லை. காப்பியில் கூடச் சிக்கரி அதிகம்.

மார்ச் 10, ஞாயிறு

குடையை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு, கட்டடத்தின் பின்சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றேகால் மணிக்குச் சத்தம் ஆரம்பித்தது. தம், தம், தம். பல கால்கள், ஆனால் ஒரே கால் போல. நடுவில் ஒரு கட்டைக் குரல்: "இடது... வலது... நில்லு. தோள் மாத்து. நட."

கவாத்து! எட்டு வருஷம் கவாத்து செய்தவனுக்குத் தெரியாதா? தோளுக்குத் தோள் மாற்றுவது துப்பாக்கியைத் தவிர வேறென்ன? போதாக்குறைக்கு நாலு மணிக்கு ஒரு மாட்டு வண்டியில் இரண்டு மூட்டை வந்து இறங்கியது. சின்ன மூட்டை, ஆனால் இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். வெடிமருந்தாக இருக்கலாம் என்று ஆபீஸுக்கு எழுதிவிட்டேன்.

மார்ச் 11, திங்கள்

இன்ஸ்பெக்டருக்கு ஏக சந்தோஷம். தனகோடிக்கு ஓயாத வாந்தி. எலுமிச்சம்பழம் ஆறு வாங்கினேன்.

மார்ச் 18, திங்கள்

பஞ்சுக் கிட்டங்கியில் வேலை கிடைத்துவிட்டது. மூட்டைகளுக்கு லேபிள் எழுத வேண்டும். வேலை கொடுத்தவர் மேஸ்திரி பிறவிபெருமாள் பிள்ளை. சபையின் தலைவர் என்று எல்லாரும் காட்டுகிற ஆள் அவர்தான். அறுபது வயது, ஒல்லி, வெற்றிலை போடுவதில்லை. இரண்டு பெண்கள், இருவரையும் கட்டிக்கொடுத்தாயிற்று. பையன் இல்லை. போன வருஷம் சம்சாரமும் போய்விட்டாள்.

என் கையெழுத்தைப் பார்த்து, "முத்துக் கோத்தாப்பல இருக்கே" என்றார். அவ்வளவுதான். எந்த ஊர், என்ன ஆளுங்க என்று கேட்கவில்லை. இந்த ஊரில் தண்ணீர் விற்கிறவள்கூட முதலில் அதைத்தான் கேட்கிறாள். கேட்காத மனிதன் ஏதோ உள்ளே வைத்திருக்கிறான் என்று அர்த்தம்.

மார்ச் 27, புதன்



நின்றுகொண்டு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை ஒரு மூங்கில் குச்சியோடு பின்னால் வந்து என் தோளுக்கு நேரே நிறுத்தினார். தரையிலிருந்து தோள் வரை. குச்சியில் ஏற்கெனவே சில வெட்டுகள் இருந்தன. வாசலில் தண்டல் கயித்தான் பர்னாந்து நின்றுகொண்டிருந்தார். தோணி ஓட்டுகிற ஆள், பனைமர உயரம், சபையில் இரண்டாவது மனிதர்.

"நம்ம உயரந்தான் வே. ஒரு விரக்கடைதான் கொறையுது," என்றார் கயித்தான்.

"தோளுல ஒரு துணிச் சுருணை வச்சா சரியாப் போவும்," என்றார் பிள்ளை.

எதற்கு என்று கேட்டேன். "சும்மாத்தான்," என்று இருவரும் சிரித்தார்கள். சும்மா எவனாவது இன்னொருத்தன் உயரத்தை அளப்பானா? குழி வெட்டவா, சட்டை தைக்கவா? சோறு இறங்கவில்லை. தனகோடி ரசம் சரியில்லையா என்று கேட்டாள்.

ஏப்ரல் 6, சனி

பிள்ளை தனியாகக் கூப்பிட்டார். நாளைக்கு வருகிறீரா என்றார். எங்கே என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ராமபத்திரய்யருக்கு, அதாவது சபையில் இருக்கும் ரிட்டையர் போஸ்ட் குமாஸ்தாவுக்கு, முட்டி வீங்கிவிட்டதாம். ஆள் வேண்டுமாம்.

பிறகு கேட்டாரே ஒரு கேள்வி. "வீட்ல முழுகாம இருக்காவளா?"

இல்லை என்றேன். ஏன் பொய் சொன்னேன் என்றால், ஆமாம் என்றால் கதவு திறக்காது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. "இருந்தாச் சொல்லிரும். அப்படின்னா நம்மகூட வேண்டாம், பெறவு வரலாம்," என்று இரண்டாம் முறையும் கேட்டார். இரண்டாம் முறையும் இல்லை என்றேன்.

கர்ப்பிணிக்கும் ராஜத்துரோகத்துக்கும் என்ன சம்பந்தம்? மூக்கம்மாள் சொன்ன மை, மண்டை ஓடு எல்லாம் வரிசையாக மனசில் வந்தன. தனகோடியை நாளைக்குக் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

உள்ளே போய்விட்டேன்.

துப்பாக்கி இல்லை. மண்டை ஓடு இல்லை. நீளமாக ஒரு வெற்று அறை, செம்மண் தரை, தேய்ந்து வழவழவென்றிருந்தது. நடுவில் ஒரு பாடை. பச்சை மூங்கில் பாடை அல்ல, காய்ந்து கருத்துப்போன பழைய மூங்கில். அதன்மேல் ஆள் நீளம் வருகிற மாதிரி வரிசையாக அந்த இரண்டு சின்ன மூட்டைகள். அவற்றைத் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறார்கள்.

என்னைக் கயித்தானுக்கு ஜோடியாகத் தலைப்பக்கம் நிறுத்தினார்கள். கால்பக்கம் கயிற்றுக்கடை மீராசா மரைக்காயரும், பஞ்சை அமுக்கிக் கட்டும் பிரஸ்ஸில் வேலை செய்யும் மாடசாமியும். மாடசாமியின் கூட்டாளி இசக்கி மாற்று ஆள். அய்யர் மூலையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, தப்பாகக் கால் வைத்தவனையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தார். உயரம் ஒத்துப்போகாவிட்டால் பிணம் ஒரு பக்கம் சரியும், கால் மாறினால் குலுங்கும். அதற்குத்தான் குச்சி, அதற்குத்தான் தம் தம் என்ற நடை.

நடை முடிந்ததும் பிள்ளை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"தாது வருசப் பஞ்சம். எனக்கு இருபத்தஞ்சு வயசு. எங்கம்மைக்கு வாந்திபேதி. காலைல கண்டது, பொழுது சாயுமுன்ன போயிட்டா. எங்க தெருவுல நாப்பது வீடு, அம்புட்டும் சொந்தம். ஒரு கதவு தொறக்கல. ரெண்டு நாளு வாசல்ல வச்சுக்கிட்டு இருந்தேன் தம்பி. ரெண்டாம் நாளு உச்சில மூஞ்சியத் துணியால சுத்திக்கிட்டு மூணு பேரு வந்தாவ. ஒருத்தரு இந்தக் கயித்தானோட அப்பன். ஒருத்தரு மீராசா பாட்டையா. மூணாவது ஆளு மாடசாமிக்குப் பெரியப்பன். 'நீ ஒரு பக்கம் புடி'ன்னாவ. புடிச்சேன்."

"அன்னைக்கே ஊரெல்லாம் தெரிஞ்சிருக்குமே?" என்றேன்.

"தெரிஞ்சா என்ன ஆவும்? கயித்தான் அப்பன மாதாகோயில்ல சேக்க மாட்டாவ. என்னைய வீட்ல சேக்க மாட்டாவ. மாடசாமி பெரியப்பன உசுரோட விடமாட்டாவ. அதனாலதான் துணி, அதனாலதான் பூட்டு. சொந்தக்காரன் தூக்காத பிணத்த, சொந்தமில்லாதவன் தூக்கணும். யாரு தூக்குனான்னு மட்டும் யாருக்கும் தெரியப்படாது. பொண்டாட்டிக்குங்கூட."

துரை கட்டடம் கொடுத்த கதையைக் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். "அந்தத் தொரை அவன் ஊர்ல இப்படியொரு பூட்டுச் சபைல இருந்தவனாம். நாங்க கதவச் சாத்துறதப் பாத்து ஆளு உருகிட்டான். உள்ள என்ன நடக்குன்னு கேக்கவே இல்ல. கேக்காததுதான் மரியாதைன்னு நெனச்சான். அப்ப எங்கள எல்லாரும் கும்பிட்டாவ. இப்ப கல்லெடுத்து எறியுதாவ. அன்னைக்கும் இதே பாடைதான், இன்னைக்கும் இதே பாடைதான்."

பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் ஏன் வேண்டாம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊரிலும் அப்படித்தானே. புள்ளைத்தாய்ச்சி புருஷன் பாடை தூக்கக் கூடாது, சுடுகாட்டு மண்ணை மிதிக்கக் கூடாது. இது மூட்டைதானே, பிணமில்லையே என்று இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

எல்லாம் சரி, ஆனால் கதை கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது. இன்று பிள்ளை இல்லாத நேரம் சாவியை எடுத்துப் போய் ஒரு மூட்டையில் ஆணியால் குத்திப் பார்த்தேன். மணல். இன்னொன்றிலும் மணல்.

ஆனாலும் நம்பக் கூடாது.

ஏப்ரல் 19, வெள்ளி

பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். கொழும்புக் கப்பலுக்காகக் கூலி டிப்போவில் காத்திருந்தே செத்துப்போன ஒரு பெண். கூட வந்தவர்கள் நேற்றைக் கப்பலில் போய்விட்டார்களாம். உச்சிவெயிலில் தெருவில் ஈ காக்கை இல்லை. தலைப்பாகைத் துணியால் முகத்தைச் சுற்றிக்கொண்டோம். நான் தலைப்பக்கம் இடது தோள்.

மணல் மூட்டையைவிட லேசாக இருந்தாள்.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் இரண்டு தடவை குளித்தேன். என்ன இப்படிக் குளிக்கிறீர்கள் என்று தனகோடி கேட்டாள். பஞ்சுத் தூசி என்றேன். பூரான் மாதிரி ஒரு பயம் முதுகில் ஊர்ந்துகொண்டே இருந்தது. கோவிலுக்குப் போய் அவள் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். வரும்போது ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன். என்ன விசேஷம் என்கிறாள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கயித்தானுக்கும் எனக்கும் சண்டை. வளைவில் திரும்பும்போது அவர் ஒரு எட்டு கூட வைக்கிறார். "எனக்குக் கடல்ல நடந்த காலு வே, அப்படித்தான் வரும்," என்கிறார். வரட்டுமே, பிணம் குலுங்குகிறதே! பிறகு அவரே மீன் கொண்டுவந்து கொடுத்தார். தனகோடிக்கு மீன் வாடை ஆகவில்லை, மூக்கம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

ஆபீஸ் டைரிக்கு இன்று ஒன்றும் எழுதவில்லை.

மே 3, வெள்ளி

ரிப்போர்ட்டை முடித்துக் கொடுத்துவிட்டேன். நாலு பக்கம். என் சர்வீஸில் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை. "மேற்படி சபையாரிடம் ராஜத்துரோகம் எள்ளளவும் இல்லை. கவாத்து எனச் சந்தேகிக்கப்பட்டது பிரேதம் சுமக்கும் பழக்கமே. மூட்டைகளில் உள்ளது மணல். இவர்கள் மேல் உள்ள கண்காணிப்பை நீக்கலாம்" என்று முடித்தேன். இனி எவனும் அவர்கள் பின்னால் அலைய மாட்டான். நான் போகாமல் வேறு ஒருத்தன் போயிருந்தால் குண்டு என்று எழுதி ஆறு பேரையும் உள்ளே தள்ளியிருப்பான்.

கடைசியில் பெயர்ப் பட்டியல், வழக்கமான அச்சுப் பாரத்தில். பெயர், தகப்பன் பெயர், சாதி, தொழில், விலாசம். இரண்டு கட்டத்துக்கு விவரம் தெரியாமல் இருந்தது. மீராசாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு நிரப்பினேன். ஒரு கட்டம்கூட காலியில்லை, ஒரு அடித்தல் இல்லை. நான் டியூட்டியில் போனவன், ஆகையால் என் பெயரைச் சேர்க்கவில்லை.

மே 9, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது! சப்-இன்ஸ்பெக்டர், ஆரணி. ஜூன் முதல் வாரத்தில் சேர வேண்டும். தனகோடி பெட்டியை இறக்கி இப்போதே துணிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டாள். என் சட்டை, அவள் புடவை, பிறகு இன்னும் பிறக்காத பிள்ளைக்குப் பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள். ஆறாம் மாதம், முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது. எனக்கும் மனசு நிறைந்திருக்கிறது. மேஸ்திரி பிள்ளையிடம் என்ன சொல்லிப் புறப்படுவது என்பதுதான் தெரியவில்லை.

மே 14, செவ்வாய்

காலையில் காப்பி கிளப்பில் நல்ல கூட்டம். ஒருவர் நின்றுகொண்டு ஒரு காகிதத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார்.

"பிறவிபெருமாள் பிள்ளை, தகப்பன் பெயர் இன்னது, சாதி இன்னது. கயித்தான் பர்னாந்து, தகப்பன் பெயர்..."

என் பட்டியல். வரிசை மாறாமல் அப்படியே. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு நிறுத்தம், ஒரு "சீச்சீ". இன்ஸ்பெக்டர் ஆபீஸ் குமாஸ்தா ஒருவன் பிள்ளைக்குச் சம்பந்தி வகையாம். நகல் எடுத்து வெளியே விட்டிருக்கிறான். மேலே இருந்த நாலு பக்கத்தை அவன் தொடவே இல்லை. அதை யாரும் வாசிக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

குண்டு செய்கிறவன் என்று நினைத்தபோது இவர்களைப் பார்த்துப் பயந்தார்கள். அந்தப் பயத்தில் கொஞ்சம் மரியாதையும் இருந்தது. இன்று பயமெல்லாம் போய்விட்டது. "எங்க சித்தியத் தொட்டுத் தூக்கினது அந்தப் பயலா?" என்று ஒருவர் மேஜையைக் குத்தினார். அந்தச் சித்தியை இவர் ஏன் தூக்கவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

மே 15, புதன்

கயித்தானின் தோணியை முதலாளி வேறு தண்டலிடம் கொடுத்துவிட்டார். மீராசாவின் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்தம் முறிந்தது. அய்யரை அவர் மகன்கள் அறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், பிராயச்சித்தம் செய்தால்தான் திறப்பார்களாம். மாடசாமியையும் இசக்கியையும் பிரஸ் வாசலில் அடித்தார்கள். மாடசாமிக்கு முன்பல் இரண்டு போயிற்று. பிள்ளையின் மூத்த பெண் உலகம்மாளை மாப்பிள்ளை வீட்டார் பெட்டியோடு கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் நான் செய்யவில்லை. குமாஸ்தா செய்தான்.

மே 16, வியாழன்

பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. உலகம்மாள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வாதம் இழுத்து வாய் கொஞ்சம் கோணியிருந்தது.

"வாரும் தம்பி. நீர் போலீசுன்னு மொத நாளே தெரியும்."

எப்படி என்று கேட்டேன்.

"உள்ள வந்த அன்னைக்கே கால் பிசகாம நடந்தீரே! கயித்தானுக்கு அது பழக ஆறு மாசம் ஆச்சு. போலீசுக்காரனத் தவிர எவன் அப்படி நடப்பான்? வரட்டும், வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு எழுதட்டும், நமக்கு நல்லதுதானேன்னு இருந்தேன்."

"அப்படித்தான் ஐயா எழுதினேன். ஒன்றுமில்லை என்றுதான் எழுதினேன். நாலு பக்கம்."

"அது சரிதான். முப்பத்தஞ்சு வருசமா நாங்க ஒருத்தருக்கொருத்தர் கேக்காத ஒண்ண, அந்தக் கட்டத்துல எதுக்கு வே எழுதினீரு?"

"கட்டம் இருந்தது," என்றேன்.

அவர் கோணிய வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உலகம்மாள் உள்ளேயிருந்து, "அவரப் போவச் சொல்லுங்கப்பா," என்றாள். வந்துவிட்டேன்.

மே 20, திங்கள்

வெக்கை. வேர்க்குரு. ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

மே 26, ஞாயிறு

பிறவிபெருமாள் பிள்ளை இன்று காலை ஒன்பது மணிக்குக் காலமானார்.

மூக்கம்மாள்தான் வந்து சொன்னாள். அந்தத் தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறதாம். கொள்ளிச்சட்டி எடுக்க வேண்டிய அவர் தம்பி மகன் திருச்செந்தூருக்குப் போகிறேன் என்று வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டானாம்.

நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். தனகோடி எங்கே என்றாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சபை, ஏப்ரலில் தூக்கிய பெண், பிள்ளையிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணாவதுங்க இது! தெரிஞ்சே போய்த் தொட்டுட்டு வந்து எனக்கு வளையல் வாங்கிக் குடுத்தீங்களா? இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க மொகத்துல முழிக்க மாட்டேன், ஆமா!"

நான் போனேன்.

வாசலில் பாடை கட்டியாகியிருந்தது. கயித்தான், மீராசா, மாடசாமி, இசக்கி. அய்யரை விடவில்லை. யாரும் முகத்தில் துணி சுற்றியிருக்கவில்லை. நான் தலைப்பக்கம் போய் என் இடத்தில் நின்றேன். இசக்கி ஏற்கெனவே அங்கே நின்றான், நகரவில்லை.

"தோளுக்கு ஆளு இருக்கு," என்றார் கயித்தான்.

நான் அசையவில்லை. அவர் குனிந்து, புகைந்துகொண்டிருந்த கொள்ளிச்சட்டியைக் காட்டினார்.

"அதான் அனாதையாக் கெடக்கு. எடுத்துக்கிட்டு முன்னால நடவும்."

துண்டால் முகத்தைச் சுற்றப் போனேன். அவர் கையைப் பிடித்தார். நல்ல அழுத்தமான பிடி.

"அது எதுக்கு? எங்க பேரெல்லாம் ஊர் வாயில கெடக்கு. உம்ம மூஞ்சியும் ஒரு தடவ தெரியட்டும்."

உலகம்மாள் வாசல் நிலையில் சாய்ந்து நின்று என்னையே பார்த்தாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சட்டியின் கயிற்றைப் பிடித்துத் தூக்கினேன்.

மணி நாலு. உச்சிவெயில் இல்லை, காலித்தெரு இல்லை. பெரிய கடைத்தெரு வழியாகவே போனோம். காப்பி கிளப்பில் எல்லாரும் எழுந்து வாசலுக்கு வந்தார்கள். சவரக்காரர் கையில் கத்தியோடு நின்றார். இன்ஸ்பெக்டர் ஆபீஸ் தாழ்வாரத்தில் நாயுடு நின்றுகொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் அந்தக் குமாஸ்தா. ஒருவன் கல் எறிந்தான், என் முழங்காலில் பட்டது. பின்னால் நாலு பேர் நடை பிசகவில்லை. நான்தான் ஒரு இடத்தில் தடுமாறினேன். "காலப் பாத்து வையும்," என்றார் கயித்தான். கொள்ளியும் நானே வைத்தேன்.

திரும்பி வந்தபோது தனகோடி வாசலில் குடத்தோடு நின்றாள். "அங்கயே நில்லுங்க," என்றாள். தெருவிலேயே தலையில் தண்ணீர் ஊற்றினாள், இன்னொரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். சோறு மட்டும் போட்டாள்.

மே 28, செவ்வாய்

நாயுடு கூப்பிட்டனுப்பினார். கோபமாகத் திட்டுவார் என்று போனேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"மேலிடத்துலேர்ந்து விளக்கம் கேக்கறாங்க ஓய். ரெண்டே கேள்வி. செத்தவர் உனக்கு என்ன உறவு? உறவு இல்லேன்னா, நீ அந்தச் சபையில சேர்ந்தவனா?" காகிதத்தை என் பக்கம் தள்ளினார். "தூரத்து மாமன்னு எழுது. முதலியாருக்கும் பிள்ளைக்கும் எங்கேயாவது ஒரு தூரத்து உறவு இல்லாமலா போகும்? யாரும் துருவ மாட்டாங்க. ரெண்டாவது கேள்விக்கு வேலையே இல்லை. சனிக்கிழமை ரயிலேறி ஆரணிக்குப் போய்ச் சேரு. பெண்டாட்டி புள்ளைத்தாய்ச்சின்னு சொன்னியே."

நல்ல மனிதர். எனக்காகத்தான் சொன்னார்.

பேனாவை எடுத்து மையில் தொட்டேன். மாமன் என்று எழுதுவதற்கு இரண்டு வினாடி போதும். எழுதினால், கடைசியில் அவரையும் ஒரு சொந்தக்காரன்தான் தூக்கிக்கொண்டு போனான் என்று ஆகிவிடும்.

முதல் கேள்விக்கு: உறவு இல்லை.

இரண்டாவதற்கு: ஆம்.

நாயுடு வாசித்துவிட்டு, "அட முட்டாளே," என்றார். உத்தரவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வேலையும் போகும் என்றார், எப்போது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தனகோடியின் பெட்டியைத் திறந்தேன். அவள் புடவைகளையும் பிள்ளைத் துணிகளையும் கலைக்காமல், என் சட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சட்டையை எடுத்ததும், "அப்பாவை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லிக் காயிதம் எழுதுங்க," என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.